யாரு வூட்டுக்கு?

விருத்தாசலத்தைத் தாண்டித் தெற்கே வர வர மண் சிவக்கத் தொடங்குகிறது. ஆண்டிமடம் நெருங்கும்போது சாலையின் இரு பக்கமும் முந்திரி. தூரத்திலிருந்து பார்க்க அழகு. கிட்டே போனால்தான் இந்த மரத்தின் குணம் தெரியும். பனையும் தென்னையும் தண்டை நிமிர்த்திக் காட்டும், முந்திரி காட்டாது. கிளைகளைப் பக்கவாட்டில் பரப்பி, நுனிகளைத் தரைவரை தாழ்த்தி, நடுவில் ஒரு நிழலறையை ஒளித்து வைத்துக்கொள்ளும். உள்ளே நிற்பவர் சாலையில் போகிறவரைப் பார்க்கலாம். சாலையில் போகிறவருக்கு உள்ளே நிற்பவர் தெரியமாட்டார்.

பூங்கா வடிவமைப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் விதி ஒன்று உண்டு. புதர் இடுப்புக்கு மேல் வளரக்கூடாது. மரக்கிளை தலைக்குக் கீழே இறங்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் கண் தடையில்லாமல் ஓட வேண்டும். இடத்தின் அமைப்பை மாற்றினால் குற்றத்தைக் குறைக்கலாம் என்று அமெரிக்கக் குற்றவியலாளர் ரே ஜெஃப்ரி 1971இல் புத்தகம் போட்டார். அடுத்த ஆண்டே கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் அடுக்குமாடிக் குடியிருப்புகளை வைத்து அதே பாதையில் இன்னொன்று எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் இடுப்பு–தலை விதி. அந்த விதிக்கு நேர் எதிராக ஒரு மரத்தைப் படைக்கச் சொன்னால் முந்திரியைத்தான் படைப்பார்கள். ஆனால் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சோறு போடுவது அதுதான். பார்வை மறைக்கிறது என்று எவரும் அரிவாள் எடுக்கப்போவதில்லை, எடுக்கவும் கூடாது.

1990களின் பிற்பகுதியில் தமிழ்நாடு விடுதலைப் படை என்ற ஆயுதக் குழுவினர் ஆண்டிமடம் காவல் நிலையத்தையே தாக்கிய நாட்களில் முந்திரிக்காடு என்ற சொல் செய்தித்தாள்களில் அடிக்கடி வந்தது. அப்போது அந்தச் செய்திகளைப் படித்த வெளியூர்க்காரர்கள் மனதில் இன்னும் அந்தப் படம்தான் இருக்கிறது. வரதராஜன்பேட்டைக்குப் போகிறேன் என்றதும் சென்னையில் ஒருவர், “இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க” என்றார். அவர் அரியலூர் மாவட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

நான் போனது இருட்டில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான்.

பொது இடங்களில் பெண்களின் பாதுகாப்பு பற்றிச் சில காலமாக எழுதி வருகிறேன். எழுதுவதெல்லாம் சென்னை, மதுரை, கோவை. பேரூராட்சிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நானும் எழுதியதில்லை. அரியலூர் மாவட்டத்தில் பேரூராட்சிகள் இரண்டுதான்: உடையார்பாளையம், வரதராஜன்பேட்டை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறைப்படி பேரூராட்சி என்றால் நகரம். வரதராஜன்பேட்டையும் அப்படித்தான் கணக்கில் ஏறுகிறது. ஊருக்குள் போய் ‘இது நகரமா?’ என்று கேட்டால் சிரிப்பார்கள். பொதுக் குழாய், தெருவிளக்கு, வார்டு உறுப்பினர், வரி ரசீது எல்லாம் நகரத்துக்குரியவை. அந்தி சாய்ந்ததும் நடக்கும் வாழ்க்கை கிராமத்துக்குரியது. நகரத்துப் பொது இடத்தை எப்படி அமைப்பது என்ற கேள்வி இப்படியோர் ஊரில் என்ன ஆகிறது என்பதுதான் என் குறுகுறுப்பு. கல்லூரித் தோழி ஒருத்தியின் தாய்வீடு அங்கே இருந்தது சௌகரியமாகப் போயிற்று.

பேருந்தை விட்டு இறங்கியபோது பள்ளி விட்டிருந்தது. டான் போஸ்கோ பள்ளிச் சீருடைகள் சாலையை நிறைத்துக்கொண்டு போயின. டீக்கடையில் போண்டா எண்ணெயில் விழும் சத்தம். ஒரு பெண்மணி கோணிச் சாக்கை விரித்துப் பூ கட்டிக்கொண்டிருந்தார். நான் பையைத் தோளில் சரிசெய்வதற்குள் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு வூட்டுக்கு வந்திருக்கீங்க?”

சொன்னேன். தோழியின் அப்பா பெயரைச் சொன்னதும் அவருடைய தாத்தா பெயரை அந்தப் பெண்மணி சொன்னார். எந்தச் சந்து, எத்தனையாவது வீடு, வாசலில் என்ன மரம் என்பது வரை விவரம் வந்தது. டீக்கடைக்காரர் குறுக்கிட்டு, “தம்பி, அக்காவ அந்த வூடு வரைக்கும் கொண்டுபோய் வுட்டுட்டு வா” என்று ஒரு பையனை அனுப்பினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் எழுதியது இதைத்தான். நகரமைப்புப் பட்டம் எதுவும் இல்லாத பத்திரிகைக்காரர் அவர். நியூயார்க்கில் தான் குடியிருந்த ஹட்சன் தெருவை வீட்டு வாசலிலிருந்து பார்த்துப் பார்த்து எழுதினார். தெருவின் அமைதியைக் காப்பாற்றுவது முதலில் போலீஸ் இல்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் என்றார். கடைக்காரர், மாடியில் நிற்கும் கிழவி, வந்து போகும் வாடிக்கையாளர் எல்லோரும் அதில் அடக்கம். அதற்கு அவர் வைத்த நிபந்தனைகள் முக்கியம். எது பொது இடம், எது தனி இடம் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். கட்டடங்கள் தெருவுக்கு முதுகு காட்டக்கூடாது. தெருவில் ஆள் நடமாட்டம் அறுந்து போகக்கூடாது. கட்டாயப்படுத்தி யாரையும் தெருவைப் பார்க்கச் சொல்ல முடியாது. பார்க்க ஏதாவது இருந்தால்தான் பார்ப்பார்கள். திண்ணை வைத்து வீடு கட்டிய நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. திண்ணையை இடித்துவிட்டு இரும்புக் கதவும் ஆளுயர மதிலும் வைத்துக்கொண்ட தலைமுறைக்குத்தான் அந்த அமெரிக்கப் பெண்மணி தேவைப்படுகிறார்.

வரதராஜன்பேட்டையில் பெரிய பொது இடம் அலங்கார அன்னை ஆலயத்தைச் சுற்றி இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் கத்தோலிக்கர்கள் நிறைய. தேர், திருவிழா, பாதயாத்திரை என்று வெளியூர்க் கூட்டம் வந்து போகிற தலம். திருவிழா இல்லாத சாதாரண மாலையில் போய் உட்கார்ந்தேன். வழிபாட்டுக்கு வந்த பெண்கள் அது முடிந்ததும் உடனே எழுந்து போகவில்லை. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் சைக்கிளை ஒருத்திக்கொருத்தி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி எதுவுமே செய்யவில்லை. சும்மா இருந்தார்.

சும்மா இருப்பது சின்ன விஷயம் இல்லை. மும்பையை ஆராய்ந்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்’ என்ற புத்தகத்தின் அடிப்படையே இதுதான். ஆண் தெருமுனையில் காரணம் இல்லாமல் நிற்கலாம். பெண் நிற்க வேண்டுமென்றால் கையில் காய்கறிப் பை வேண்டும், அல்லது காதில் போன் வேண்டும், அல்லது பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பொது இடத்தில் இருக்க முடிகிறது. அதனால் அவர்கள் கேட்டது பாதுகாப்பை மட்டும் அல்ல. வேலை இல்லாமல் வெளியே நிற்கும் உரிமையை. அன்று மாலை பெண்கள் சும்மா இருந்து நான் பார்த்த இடம் அந்த ஆலய வளாகம்தான். அங்கே இருப்பதற்குக் கடவுள் காரணமாகிவிடுகிறார், வேறு காரணம் யாரும் கேட்பதில்லை. நம் ஊர்களில் கோயில் மண்டபங்களும் தேவாலய மைதானங்களும் தர்கா முற்றங்களும் பெண்களுக்குப் பூங்காவாக இருந்து வந்திருக்கின்றன. பேரூராட்சிக்குப் பூங்கா கட்டப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் அங்கே போய் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கலாம். எத்தனை வாசல் இருக்கிறது, எங்கே உட்கார்கிறார்கள், முதுகை எதில் சாய்த்துக்கொள்கிறார்கள் என்று.

வாசல் எண்ணிக்கை என்று சும்மா சொல்லவில்லை. ஆஸ்திரியாவின் வியன்னாவில் 1990களில் ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது: ஒன்பது வயதைத் தாண்டிய பெண்பிள்ளைகள் பூங்காக்களிலிருந்து காணாமல் போகிறார்கள், பையன்கள் தொடர்ந்து வருகிறார்கள். நடுவில் ஒரு பந்தாட்டக் கூண்டு, அதற்கு ஒரே வாசல். பையன்கள் அந்த வாசலில் நின்றுவிட்டால் பெண்பிள்ளைகள் உள்ளே நுழைய மாட்டார்கள். 1999 வாக்கில் ஐன்சீட்லர் பூங்கா உள்ளிட்ட இரண்டு பூங்காக்களைத் திருத்தினார்கள். வாசல்களை அகலமாக்கி அதிகப்படுத்தினார்கள், ஒரே பெரிய திடலைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தார்கள், கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை, கேமரா வைக்கவில்லை. இடத்தின் அமைப்பை மட்டும் மாற்றினார்கள்.

கேமரா பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூன் 24 காலையில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது அங்கே கேமரா இல்லை என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து ‘மூன்றாவது கண்’ என்று சென்னைக் காவல் துறை தெருத்தெருவாகக் கேமரா பொருத்தியது. குற்றவாளியைத் தேட அது உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று காலை அந்த நடைமேடையில் மனிதக் கண்கள் இருந்தன. கண்கள் இருந்தும் கை வரவில்லை. ஜேக்கப்ஸ் இதற்கும் ஒரு விடை வைத்திருந்தார்: கடந்து போகிறவர் கண்ணும் அந்த இடத்தைத் தன்னுடையதாக நினைப்பவர் கண்ணும் ஒன்றல்ல. நடைமேடையில் இருந்த எல்லோருக்கும் அடுத்த ரயில் இருந்தது. டீக்கடைக்காரருக்கும் பூக்காரிக்கும் அந்த இடம்தான் பிழைப்பு. அங்கே கெட்ட பெயர் வந்தால் நாளைக்கு வியாபாரம் இல்லை.

இந்தப் பயணத்தின் தொடக்கத்தில், வடக்கே வேறொரு ஊரில், புதிதாகக் கட்டிய பேருந்து நிலையம் ஒன்றில் இரவு எட்டரை மணிக்கு மாட்டிக்கொண்டேன். பெயர் வேண்டாம். பளிங்குத் தரை, எவர்சில்வர் இருக்கைகள், சுற்றிலும் மதில், உள்ளே வர ஒரே வழி. நடுவில் உயர்கோபுர மின்விளக்கு பகலைப் போல எரிந்தது. கடலைவண்டி, பழவண்டி எல்லாவற்றையும் ஒழுங்கு என்ற பெயரில் வெளியே தள்ளியிருந்தார்கள். பெண்கள் கழிப்பறை என்று அம்புக்குறி போட்டிருந்த இடம் கட்டடத்தின் பின்பக்கம், மதிலுக்கும் சுவருக்கும் நடுவில். நான் போகவில்லை. இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் காவலாகப் போய் வந்தார்கள். வெளிச்சம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வெளிச்சத்தில் நாங்கள்தான் தெரிந்தோம். வெளிச்சத்துக்கு வெளியே யார் நின்றார்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

விளக்கு வைத்தால் போதும் என்பது நம் அரசியல்வாதிகளுக்கு மிகவும் பிடித்த தீர்வு. திறப்பு விழா நடத்தலாம், கம்பத்தில் பெயர் எழுதலாம். நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்புகளில் சீட்டுக் குலுக்குவதுபோல இடங்களைத் தேர்ந்து தற்காலிக விளக்குக் கோபுரங்கள் வைத்துப் பார்த்தார்கள். இரவு நேரத்தில் வெளியே நடக்கும் பெருங்குற்றங்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தன. சரி, விளக்குதான் மருந்து என்று முடிவு கட்டுவதற்குள் இங்கிலாந்து, வேல்ஸ் நகராட்சிகளை ஆராய்ந்து 2015இல் வந்திருந்த ஆய்வையும் படிக்க வேண்டும். செலவைக் குறைக்கத் தெருவிளக்கை அணைத்த, மங்கலாக்கிய இடங்களில் குற்றம் கூடியதற்குச் சான்று இல்லை என்றது அது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆள் இருக்கும் இடத்தில் விளக்கு உதவுகிறது. ஆள் இல்லாத இடத்தில் விளக்கு யாருக்கு எரிகிறது?

தோழியின் அம்மாவோடு இரவு எட்டு மணிக்கு நடந்தேன். எந்தத் தெருவில் எப்படி நடப்பார் என்று அவரையே கூட்டிப் போகச் சொன்னேன். நேர்வழி ஒன்று இருந்தது. அவர் அதை விட்டுவிட்டுச் சுற்றி வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “இந்தப் பக்கம் வூட்டுல ஆளு முழிச்சிருக்கும் பாப்பா” என்றார். அந்தத் தெருவில் விளக்கு இரண்டுதான். ஆனால் சீரியல் சத்தம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விடாமல் கூடவே வந்தது. தில்லியில் கல்பனா விஸ்வநாத் 2013இல் தொடங்கிய ‘சேஃப்டிபின்’ செயலி ஓர் இடத்தை ஒன்பது அளவுகோல்களால் மதிப்பிடுகிறது: வெளிச்சம், திறந்தவெளி, உன்னைப் பார்க்கக்கூடிய சன்னலும் கடையும் எத்தனை, ஆள் நடமாட்டம், காவல், நடைபாதை, போக்குவரத்து, அங்கே பெண்கள் இருக்கிறார்களா, கடைசியாக மனதுக்கு எப்படி இருக்கிறது. தோழியின் அம்மா செயலி இல்லாமல் அந்த ஒன்பதையும் கூட்டிக் கழித்துத் தெருவைத் தேர்ந்தெடுத்தார். இப்படி எத்தனை வருஷமாக ஊருக்கு ஊர் பெண்கள் தெருக்களுக்கு மதிப்பெண் போட்டு வருகிறார்கள்! அதை யாரும் எழுதி வாங்கவில்லை. கனடாவின் டொரன்டோவில் 1989இல் எழுதி வாங்கினார்கள். பெண்களையே குழுவாக இரவில் நடக்கவைத்து, எங்கே பயமாக இருக்கிறது, ஏன் என்று குறித்துக்கொண்டார்கள். பாதுகாப்புத் தணிக்கை என்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் முறை அங்கிருந்துதான் வந்தது.

அதே டொரன்டோவில் 1991இல் இன்னொன்று செய்தார்கள். இரவில் பேருந்தில் வரும் பெண் கேட்டால் நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிறுத்த வேண்டும் என்று விதி போட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கும்பகோணம் கோட்டத்துப் பேருந்துகளில் இரவு கடைசி நடை வரும் நடத்துநர்களுக்கு இந்த விதியை யாரும் சொல்லித் தந்ததில்லை. “அண்ணே, அந்தப் புளியமரத்துக்கிட்ட” என்றால் விசில் கொடுப்பார்கள். சிலர் இறங்கின பிறகும் வண்டியை எடுக்காமல், டார்ச்சோடு எதிர்கொள்ள வந்தவர் தெரிகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் இரட்டை விசில் கொடுப்பார்கள். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். அது நடத்துநரின் மனசைப் பொறுத்தது. மனசை நம்பி விடாமல் எழுதி வைப்பதுதான் விதி. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு இந்தப் பக்கத்தில் பெண்கள் நிறைய வெளியே போகிறார்கள் என்று தோழியின் அம்மா சொன்னார். முந்திரி உடைக்கப் பக்கத்து ஊருக்கு, ஜெயங்கொண்டம் ஜவுளிக்கடைக்கு, மருத்துவமனைக்கு, ஒன்றும் இல்லாவிட்டால் அம்மா வீட்டுக்கு. ஒரு பேருந்து நிறுத்தத்தில் நான்கு பெண்கள் நின்றால் ஐந்தாவது பெண்ணுக்குத் தைரியம் வருகிறது. நிறுத்தத்தைப் பாதுகாப்பாக்கியது கட்டணச் சலுகை. அதற்கு அரசு அந்தப் பெயரை வைக்கவில்லை என்றாலும்.

இதுவரை எழுதியதைப் படித்தால் வரதராஜன்பேட்டைக் கண்களைப் பற்றிப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று தோன்றும். மறுநாள் காலை தோழியின் சித்தி மகள் அதை உடைத்துவிட்டாள். கல்லூரி முதலாண்டு. பூக்கார அம்மா எவ்வளவு நல்லவர் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஒங்களுக்கு நல்லவங்கதான்க்கா. நான் பஸ்ஸ்டாப்புல யாருகிட்டயாச்சும் ரெண்டு நிமிசம் பேசுனா அம்மாவுக்கு நான் வர்றதுக்கு முந்தி தகவல் வந்துரும்.”

அந்தக் கண்கள் காவல் காக்கின்றன; கணக்கும் எடுக்கின்றன. ‘யாரு வூட்டுக்கு’ என்ற கேள்வி வெளியூர்க்காரியான எனக்கு அரவணைப்பு. உள்ளூர்ப் பெண்ணுக்கு அது வேவு. ஜேக்கப்ஸ் தெருவில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தடுப்பு இருந்தது. பெருநகரத்தில் கடைக்காரர் உன் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார், யாருக்குக் கொடுக்கிறாய் என்று கேட்க மாட்டார்; அந்தக் கேட்காமையை அவர் பெரிய நகரப் பண்பாகவே எழுதினார். நம் ஊரில் கேட்காமல் இருந்தால் அக்கறை இல்லை என்று அர்த்தம்.

கண்ணுக்குச் சாதியும் உண்டு. இதே மாவட்டத்தில், பொன்பரப்பியில், 2019 ஏப்ரல் 18 தேர்தல் நாளன்று தலித் குடியிருப்புக்குள் கும்பல் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கியது. அது நடந்தது நள்ளிரவில் அல்ல. ஊர்க் கண் திறந்திருந்த நேரத்தில், ஊரே வாக்குச்சாவடிக்கு நடந்துகொண்டிருந்த நாளில். ஊர், காலனி என்று இரண்டாகப் பிரிந்த இடங்களில் பேருந்து நிறுத்தமும் கடையும் விளக்கும் பெரும்பாலும் ஊர்ப் பக்கம்தான் இருக்கும். காலனிப் பெண் அந்தக் கடைவாசலைக் கடந்துதான் பேருந்து பிடிக்க வேண்டும். தெருவைப் பார்க்கும் கண்கள் அவளுக்குக் காவலா, சுங்கச்சாவடியா என்பதை வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இன்னொன்று: தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிவரும் கணக்குப்படி பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவர். முந்திரிக்கொல்லையில் ஒளிந்திருக்கும் அந்நியனைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். தெரிந்தவனுக்கு விளக்குக்கம்பம் ஒரு தடையே இல்லை. நகரமைப்பு தீர்க்கக்கூடியது கொஞ்சம்தான்; அந்தக் கொஞ்சத்தைச் சரியாகச் செய்யலாம், அதற்கு மேல் அதன்மேல் பாரம் ஏற்றக்கூடாது.

சென்னையில் அந்தக் கொஞ்சத்தைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். நிர்பயா நிதியில் 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டுப் பாதுகாப்பு நகரங்களில் சென்னையும் ஒன்று. 2022இல் மாநகராட்சி பாலினக் கொள்கைக்கென்றே ஓர் ஆய்வகம் அமைத்தது. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதைக்கு நான் அடிக்கடி போவேன். கடையில் எதுவும் வாங்காமல், அகலமான நடைபாதையில் இருக்கும் பெஞ்சில் பெண்கள் இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருப்பதைச் சென்னையில் வேறு கடைத்தெருவில் நான் அதிகம் பார்த்ததில்லை. அங்கே யாரும் யாரையும் ‘யாரு வூட்டுக்கு’ என்று கேட்பதில்லை. கண்கள் இருக்கின்றன, கேள்வி இல்லை. ஆனால் அந்த அழகுக்காக ஓரம் தள்ளப்பட்ட நடைபாதை வியாபாரிகள்தான் அதற்கு முன்னால் அந்தத் தெருவின் கண்களாக இருந்தவர்கள். தெருவோர வியாபாரிகளுக்கு 2014இலேயே சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. அவர்களை நெரிசலாகப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

ஊர் திரும்பும் முன் கங்கைகொண்ட சோழபுரம் போனேன், ஜெயங்கொண்டத்திலிருந்து பக்கம். கோயிலை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குச் சுற்றியிருக்கும் ஊர்கள்தான் சுவாரசியம். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். இரண்டரை நூற்றாண்டு தலைநகராக இருந்த ஒரு மாநகரத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகள் இப்போது சோளக்கொல்லைகளுக்கு நடுவே நிறுத்தப் பெயர்களாக நிற்கின்றன. சோழர் காலத்தில் பாடிகாவல் என்றே ஒரு வரி இருந்தது. ஊர்க்காவலுக்காக மக்கள் கட்டியது. காவலுக்குப் பணம் கட்ட வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், அது தானாக நடந்துவிடாது என்று அன்றே கணக்கு வைத்திருக்கிறார்கள். பூக்கார அம்மாவுக்கு இன்று யாரும் பாடிகாவல் கொடுப்பதில்லை.

கிளம்பும் நாள் காலையில் தோழியின் அம்மா வேலை செய்யும் முந்திரிக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். வறுத்த கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையைப் பொசுக்கும்; அதனால் விரல்களில் சாம்பல் தடவிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தட்டு, ஓடு பிளக்கிறது, பருப்பு முழுசாக வெளியே வந்து விழுகிறது. பேச்சு நிற்கவில்லை. நான் ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன். பேருந்து நிறுத்தத்துக்கிட்ட பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டப்போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கதவை எந்தப் பக்கம் வைப்பது?

புத்தகம் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: ஆள் நடமாட்டம் உள்ள பக்கம், வெளிச்சத்தைப் பார்த்து, கடைகளின் பார்வையில். பின்பக்கம் ஒளித்து வைக்கவே கூடாது. அதைச் சொன்னேன்.

“டீக்கடையப் பாத்தா?” ஒரு ஆயா உடைப்பதை நிறுத்திவிட்டார். “ஏம்மா, அங்க குந்தியிருக்கறவனெல்லாம் யாரு போறா யாரு வர்றா, எவ்வளவு நேரமாச்சின்னு எண்ணிக்கிட்டு இருப்பான். எவ போவா?”

“பொறத்தால வச்சா?” என்றேன்.

“பொறத்தால வச்சா ராத்திரியில எவ போவா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சண்டை தொடங்கிவிட்டது. முன்னால் ஒரு மறைப்புச் சுவர் கட்டலாம் என்றார் ஒருவர். மறைப்புச் சுவருக்குப் பின்னால் எவனாவது நின்றால் என்ன செய்வாய் என்றார் இன்னொருவர். சுவரை இடுப்பளவு கட்டு, தலை தெரியட்டும் என்று ஒரு யோசனை. கழிப்பறைக்குத் தனியாக ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வை, சாவி அவளிடம் இருக்கட்டும் என்று ஒரு யோசனை. அவள் சாப்பிடப் போனால் சாவி எங்கே இருக்கும் என்று அதற்கு மறுப்பு. காலனிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் அதே கதவுதானே என்று மெதுவாக ஒரு குரல். ஒரு நிமிடம் யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் “பின்ன, கதவு என்ன ரெண்டா வைப்பாங்க” என்று ஆயா சொன்னார்.

கடைசியில் தோழியின் அம்மா சாம்பல் கையைத் தூக்கிக் காட்டினார்.

“பூ விக்கிதே அந்தப் பொம்பள, அது பக்கமா வைங்க. அது பாக்கும். பாத்தாலும் அது பொம்பளதான.”

“அது ஊர்பூரா சொல்லிப்புடுமே” என்றாள் சித்தி மகள், வாசலில் நின்றபடியே.

“ஒண்ணுக்குப் போனத என்னடி சொல்லப் போவுது?”